மே மாதக் காணிக்கை

அன்பு நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மருமகள் போனில் சொன்னாள். வாக்கரை விட்டுவிட்டாயா, இல்லை இன்னும் அதோடுதான் வீட்டைச் சுற்றுகிறாயா? படி ஏறுகிறேன் என்று வீம்பு பண்ணாதே.

"போன காரியம் என்ன ஆச்சு?" என்று வாட்ஸாப்பில் ஒரே வரியில் கேட்டுவிட்டாய். நானும் ஒரு வரியில் பதில் போடத்தான் பார்த்தேன், முடியவில்லை. புறப்படுவதற்கு முன் நீ கேட்டதும் மறக்கவில்லை. "நாலு பேர் டிக்கெட் காசை அப்படியே அனுப்பினால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவார்களே, நீங்கள் போய் என்ன கிழிக்கப் போகிறீர்கள்?" அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது சொல்கிறேன், நீ சொன்னதில் பாதி சரி.

நாங்கள் நாலு பேர் பத்து நாள் பாடம் எடுக்கப் போனது மலாவி நாட்டின் தெற்கே, ஸோம்பா பக்கம் இருக்கிற ஒரு வேதாகமப் பள்ளிக்கு. 1975 வரை ஸோம்பாதான் தலைநகரம், அப்புறம் லிலோங்வேக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்குப் பின்னால் சுவர் எழுப்பின மாதிரி ஒரு மலை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று பருத்திச் சட்டையாக எடுத்து வைத்தேன். ஜூலையில் அங்கே குளிர்காலம்! 'சிப்பெரோனி' என்று ஒரு பனித்தூறல் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு விமானம் மாறின இடத்தில் என் பெட்டி தங்கிவிட்டது. நாலாம் நாள்தான் வந்தது. அதுவரை பள்ளி முதல்வரின் ஸ்வெட்டர்தான். அவர் ஆறடிக்கு மேல். கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு பாடம் எடுத்தேன்.

பள்ளி என்றால் பாளையங்கோட்டைக் கட்டடங்களை நினைக்காதே. தகரக் கூரை போட்ட மூன்று நீளக் கட்டடங்கள், ஒரு கிணறு, ஒரு மக்காச்சோளக் கிடங்கு. மாணவர்கள் முப்பது பேர். யாரும் சின்னப் பையன்கள் இல்லை. ஏற்கெனவே கிராமத்தில் சபை நடத்துகிறவர்கள், எல்லாரும் விவசாயிகள். ஏப்ரல், மே மாதம் அறுவடை முடிந்ததும் வருவார்கள், நவம்பரில் முதல் மழை இறங்குவதற்குள் விதைக்க ஓடுவார்கள். ஃபீஸைக் காசாகவும் கட்டலாம், மக்காச்சோள மூட்டையாகவும் கட்டலாம். உன் மாதிரி பேங்க் ரசீது கேட்கிறவர்கள் அங்கே இல்லை.

சாப்பாடு எனக்குக் கஷ்டமே இல்லை. நிசிமா என்பது நம்ம களிதான், மக்காச்சோள மாவில் வெள்ளையாகக் கிண்டுகிறார்கள். உட்காருமுன் ஒரு பையன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் ஊற்றுவான். உருட்டி, குழி பண்ணி, தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள 'உசிப்பா' என்று ஏரி மீன். முதல் நாள் அந்த வாசனை வந்ததும் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன். சாட்சாத் நெத்திலிக் கருவாடு! கூட வந்த நம்ம டாக்டரம்மாதான் பாவம், பத்து நாளும் வாழைப்பழம். தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்து "அம்வென்யே" என்று கத்தும். இந்தியர் என்று அர்த்தம். அங்கே இந்தியர் என்றால் கடைக்காரர், அதனால் உன் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டே பின்னால் வரும்.

பாடம்தான் உதைத்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்ல, மொழிபெயர்க்கிறவர் அந்த ஊர் மொழியான சிச்சேவாவில் மூன்று வாக்கியம் சொல்ல, ஒரு மணி நேரப் பாடத்தில் அரை மணி நேரம் எனக்குச் சும்மா நிற்கிற வேலை. அப்போதெல்லாம் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ஐயர் ஞாபகம்தான். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். ஊழியர்களைப் பயிற்றுவிக்கிற செமினரி ஆரம்பித்தது 1716-ல். நடுவில் பத்து வருஷம். எங்களுக்குப் பத்து நாள்.

மூன்றாம் நாள் பாடம், ஆதியாகமத்து யோசேப்பு. வாழ்நாள் முழுக்க ஓய்வுநாள் பள்ளியில் நான் எடுத்த பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏழு வருஷம் விளைச்சல், ஏழு வருஷம் பஞ்சம், ஞானமாய்ச் சேர்த்து வைத்தான், ஜனங்களைக் காப்பாற்றினான். ஆமென் போட்டு முடிக்கப் போனேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு. "போதகரே, 47-ஆம் அதிகாரத்தையும் வாசிப்போமா?"

வாசித்தோம். முதலில் பணம் போகிறது. அப்புறம் ஆடு மாடு. அப்புறம் நிலம். கடைசியில் ஜனங்களே எகிப்து ராஜா பார்வோனுக்கு அடிமை. அவர் கேட்டார்: "அந்தத் தானியம் யாருடையது? விளைந்த காலத்தில் இந்த ஜனங்களிடம் வாங்கினதுதானே? அதை அவர்களுக்கே ஏன் விற்றார்?"

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னொருவர், 2002 பஞ்சத்தில் தன் ஊரில் மக்காச்சோளத் தவிட்டையே கிண்டித் தின்றதைச் சொன்னார். அதற்கு முந்தின வருஷம்தான் அரசாங்கம் கையிருப்புத் தானியத்தை விற்றிருந்தது. ஒரு பெரியவர் 'தங்காத்தா'வை இழுத்தார். வெள்ளைக்காரன் தோட்ட நிலத்தில் குடியிருந்ததற்கு வாடகையாக இவர்களுடைய தாத்தாமார் கூலியில்லாமல் உழைத்த முறை அது. அந்தக் கொடுமையையும் சேர்த்து எதிர்த்துத்தான் ஜான் சிலெம்ப்வே என்ற பாப்டிஸ்ட் போதகர் 1915-ல் கலகம் பண்ணிச் செத்தார். 500 குவாச்சா நோட்டில் அவர் படம் இருக்கிறது. ரூபாய் நோட்டில் போதகர் படம் போட்ட நாட்டில் போய் நான் யோசேப்பைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன், பார்த்துக்கொள்.

அதற்குள் ஒருவர் 22-ஆம் வசனத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆசாரியருடைய நிலத்தை மட்டும் யோசேப்பு வாங்கவில்லை! "ஐயர்மார் நிலம் மட்டும் தப்பித்துவிட்டது" என்று அவர் சொன்னதும் கூரை அதிரச் சிரித்தார்கள். அத்தனை பேரும் ஐயர்மார், அதாவது போதகர்கள், ஆகப் போகிறவர்கள். நானும் சிரித்தேன், ஆனால் என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லியும்விட்டேன். அன்று மணி அடித்தபின்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

புறப்படுகிற முந்தின இரவு உன் கேள்வியை, உன் பெயரைச் சொல்லாமல், முதல்வரிடம் அப்படியே போட்டேன். அவர் பூசி மெழுகவில்லை. "நாலு பேர் பத்து நாள் வேண்டாம். இரண்டு பேர் வாருங்கள், ஒரு மாதம் இருங்கள். பணம் அனுப்புவதானால் மே மாதம் அனுப்புங்கள்" என்றார். அது ஏன் மே? அறுவடை முடிந்து மக்காச்சோளம் மலிவாகக் கிடைக்கிற நேரம் அதுதானாம். எல்லா நாட்டுச் சபைகளும் கிறிஸ்மஸ் காணிக்கை எடுத்து ஜனவரியில் அனுப்புகின்றன. ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே பசி மாதங்கள், விலை உச்சத்தில் நிற்கும். அதே பணத்துக்குப் பாதி மூட்டைகூடத் தேறுவதில்லை என்றார்.

நம்ம சபையும் டிசம்பரில்தான் மிஷனரி காணிக்கை எடுக்கிறது, இல்லையா? வருகிற கமிட்டியில் இதை எடுக்கப் போகிறேன். "வழக்கத்தை மாற்றாதீர்கள்" என்று யார் முதலில் எழுந்திருப்பார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாக்கரோடாவது வந்து என் பக்கத்தில் உட்கார்.

இன்னொன்று, இது உன் தொழில். நூலகத்தில் அலமாரி நிறைய ஆங்கிலப் புத்தகம், யாரோ வீட்டைக் காலி பண்ணும்போது கொடுத்தவை. தூசு தட்டக்கூட ஆள் இல்லை. கீழ்த்தட்டில் சிச்சேவாவில் இருக்கிற கொஞ்சம் புத்தகங்கள்தான் கை மாறி மாறி, அட்டை போய், நூல் விட்டுக் கிடக்கின்றன. ஒரு பையன் விளக்கவுரை ஒன்றை முழுக்க நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தான், ஊருக்குப் போனால் அதுதான் அவனுக்குப் புத்தகம் என்று. அடுத்த தடவை போகும்போது அந்த நோட்டுகளையும் தைத்துக் கொடுத்தால் நாலு வருஷம் நிற்கும்.

நீ பிரஸ் வைத்திருந்தபோது மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவாயே, ஒரு கிலோவுக்கு எவ்வளவு? அங்கே கரையான் பயங்கரம். தையலுக்கு எந்த நூல், எத்தனாம் நம்பர் ஊசி என்றும் எழுது. முழங்கால் சரியாகிவிட்டால், இரண்டு பேர் ஒரு மாதம் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். ஸ்வெட்டர் மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் பழைய பெஞ்சுக்காரன்