வரமாட்டேன் என்று சொல்லவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. பெங்களூரா காய் இந்த வருஷமும் மாங்கூழ் பேக்டரிக்குத்தான் போகிறது, விலையை மட்டும் கேட்காதே. அத்தை வீட்டுக்குச் செந்தூரா ஒரு பெட்டி அனுப்பினோம், அந்த விஷயத்தில் அவர்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, சரி, அதை விடு. மழையில் கால்வாய் ஓரமாகச் சைக்கிளில் போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

ஆடிப் பதினெட்டுக்கு நீ வருகிறாய் என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். கேட்டால், "அவ வரமாட்டேன்னு சொல்லலையே" என்கிறாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. 'இல்லை இல்லை என்றால் ஆமாம்தானே' என்று 31 வருஷம் கணக்கு நடத்திய வாத்தியார் என்னிடம், பத்தாவதில் எழுந்து நின்று "ஏன் சார்?" என்று கேட்டவள் நீ. இப்போது நீ இருக்கும் ஆம்ஸ்டர்டாமில் படித்த பிரவுவர் என்ற கணித மேதை 1908லேயே இதையெல்லாம் கேள்வி கேட்டுக் கிளறிவிட்டார் என்று பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்படியென்றால் ரூட் 2 விகிதமுறா எண் என்று நான் நடத்தியதும் போச்சா என்று பயந்து கேட்டேன். "அது போகாதுப்பா. இருக்குன்னு வச்சு முரண்பாடு காட்டி, இல்லைன்னு சொல்லலாம். இல்லைன்னு வச்சு முரண்பாடு காட்டி, இருக்குன்னு சொல்றதுதான் இன்ட்யூஷனிஸ்டிக் லாஜிக்ல, அதாவது நேரா நிரூபிச்சுக் காட்டினாத்தான் ஒத்துக்கிற அவரோட தர்க்கத்துல, செல்லாது" என்றாய். மறுநாள் மண்டியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருத்தருக்கும் புரியவில்லை, எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆகவே நீ வரமாட்டேன் என்று சொல்லாதது வருகிறேன் என்று ஆகாது. டிக்கெட்டைக் காட்டினால்தான் நிரூபணம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஐந்து மாசமாக அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், நான் போனை வாங்கினால் "வேலை இருக்குப்பா". சாப்பிடுகிறாயா என்றுகூடக் கேட்க முடியவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது என் பழைய மார்க் நோட்டில் புள்ளியும் அம்புமாக அந்த லாஜிக்கை விளக்கும் படம், கிரிப்கி மாடல், போட்டுக் காட்டினாயே. ஒவ்வொரு புள்ளியும் இதுவரை தெரிந்தது, அம்பு வழியே போகப்போகத் தெரிவது கூடும், ஒரு தரம் நிலைத்தது மேலே எங்கும் மாறாது. 'இல்லை' என்று எழுத வேண்டுமானால் அதற்கு மேலே ஒரு புள்ளியிலும் அது வரக்கூடாது. கீழே, கோடெல் என்ற தர்க்க அறிஞர் 1933ல் செய்தது என்று, 'கட்டாயம்', 'கூடும்' என்பதைக் கையாளும் மோடல் லாஜிக்கின் சின்னப் பெட்டியைப் போட்டாய், 'நிரூபிக்கலாம்' என்று அர்த்தமாம். உன் நிரூபணத்தில் ஓட்டை இருக்கிறது, எட்டு மாச வேலை என்று சொல்லும்போது பென்சில் முனை உடைந்தது. அதற்கு நான், "விட்டுட்டு வந்து பி.எட். சேரு, பர்கூர் பக்கமே வேலை பாத்துக்கலாம்" என்றேன். நீ நோட்டை மூடிவிட்டுக் களி கிண்டப் போய்விட்டாய்.

எனக்குப் புரியவில்லை பாப்பா, அதுதான் விஷயம். வாத்தியார் வாயில் அந்த வார்த்தை வரவில்லை, அதனால் உன் வேலை வேண்டாத வேலை ஆகிவிட்டது. பத்தாவதில் நீ கேட்டபோதும் இதேதான். பெற்ற பெண் என்றும் பார்க்காமல் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேனே, நீ எதிர்த்துப் பேசினாய் என்றா? எனக்குப் பதில் தெரியவில்லை என்றுதான்.

ஒரு தரம் நிலைத்தது மாறாது என்றாயே, நான் சொன்னதும் அப்படித்தான் கிடக்கிறது. ஓட்டை அடைபட்டதா? அடைபடாவிட்டாலும் சொல். நோட்டு மேஜை மேலேயே இருக்கிறது, பென்சிலும் சீவி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, உனக்கு நாலரை, போன் என் கையில்தான் இருக்கும். கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

அப்பா