கப் என்றால் எந்தக் கப்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே பாத்திரத்தில் வைத்து இறக்கும் சமையல் புத்தகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அட்டை, படம், தாள், விலை எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். ஒரு குறிப்பையாவது அடுப்பில் ஏற்றிப் பார்த்ததாக எங்கேயும் இல்லை. சமையல் புத்தகத்தைச் சமைத்துப் பார்க்காமல் எப்படி மதிப்பிட முடியும்? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பள்ளத்தூர்க்காரன். வயது 66. மூன்று கட்டு வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். போன ஐப்பசி மழையில், ஆத்தங்குடிக் கல் பதித்த வளவுத் தாழ்வாரத்தில் (நடு முற்றத்தைச் சுற்றிய நடை) ஈரம் தெரியாமல் கால் வைத்து என் மனைவி வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. காபி போடுவதைத் தவிர எனக்கு அடுப்படியில் ஒன்றும் தெரியாது. காரைக்குடிக்குப் போய், "எளிய ஒரு பாத்திரச் சமையல்" என்று அட்டையில் போட்டிருந்த புத்தகங்கள் மூன்றை வாங்கி வந்தேன். அந்த ஆறு வாரத்தில் அவற்றிலிருந்து 31 குறிப்புகளைச் சமைத்தேன். தேதி, அளவு, பிடித்த நேரம், கழுவிய பாத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் தடவையே சரியாக வந்தவை 12.

மூன்றாம் நாள் சாம்பார் சாதம். ஒரு கப் அரிசி, அரை கப் துவரம்பருப்பு, காய், சாம்பார் பொடி, புளிக்கரைசல், ஐந்து கப் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நான்கு விசில் என்று இருந்தது. அப்படியே செய்தேன். திறந்தால் அரிசி களியாகக் குழைந்திருக்கிறது, பருப்பு மட்டும் முழுசு முழுசாக நிற்கிறது. என் மனைவி இடது கையால் ஒரு பருப்பை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது நசுங்கவே இல்லை. "பருப்பு வேகுறதுக்கு முன்னாடி புளியை ஊத்துனா எப்படிங்க வேகும்? புளி இறுக்கிப்புடுமே" என்றார். புளிப்பு சேர்ந்தால் பருப்பின் உள்ளே உள்ள பசையை இளக விடாது. நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. புத்தகம் எழுதியவருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் என்னைப் போல ஒருவன் அதை வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பான் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. மறு வாரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசியோடும் காயோடும் வேகவிட்டு, குக்கரைத் திறந்த பிறகு கெட்டியான புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாடை போகச் சிறு தீயில் கொதிக்க வைத்தேன். அருமையாக வந்தது. பாத்திரமும் அதே ஒன்றுதான். இதை அச்சில் போட ஒரே ஒரு வரி போதுமே.

அடுத்தது அந்த "கப்". எங்கள் வீட்டில் அளப்பதற்கு என்னென்ன இருக்கிறது என்று தேடி எடுத்தேன். காபி டம்ளர், தண்ணீர் டம்ளர், மின்சார ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் கப், எங்கள் ஆயா காலத்துப் பித்தளை ஆழாக்கு. பேத்தி விட்டுப்போன பால் புட்டியில் மில்லி கோடு போட்டிருக்கும். அதில் ஊற்றி அளந்தேன். காபி டம்ளர் 150, ஆழாக்கு 168, ரைஸ் குக்கர் கப் 180, தண்ணீர் டம்ளர் 210. வெளிநாட்டுச் சமையல் புத்தகங்களில் கப் என்றால் 240, அல்லது 250. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே டம்ளரைப் பிடித்தால் விகிதம் மாறாது, அது சரிதான். ஆனால் உப்பு ஸ்பூனில் வருகிறது, மிளகாய் எண்ணிக்கையில் வருகிறது. காபி டம்ளரில் அரிசி அளந்த அன்று உப்புக் கரித்தது, தண்ணீர் டம்ளரில் அளந்த அன்று சப்பென்று இருந்தது. முதல் பக்கத்தில் "இந்தப் புத்தகத்தில் கப் என்பது இத்தனை மில்லி" என்று போட்டிருந்தால் இரண்டு நாள் சாப்பாடு வீணாகியிருக்காது.

அரிசி விஷயமும் அப்படித்தான். "அரிசி 1 கப்" என்று மட்டும் போட்டால் பச்சரிசியா, புழுங்கலா, பாசுமதியா? இந்தப் பக்கத்தில் தினசரிச் சோறு புழுங்கலரிசிதான். பச்சரிசிக்குச் சொன்ன தண்ணீரைப் பழைய புழுங்கலரிசிக்கு வைத்தால் நடுவில் நறுக்கென்று நிற்கும். ஒரு புத்தகத்தில் கவுனியரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும் என்று இருந்தது. கவுனியைச் சமைத்திருக்கிற யாரும் அப்படி எழுத மாட்டார்கள். அதன் கறுப்புத் தோலுக்குள் தண்ணீர் இறங்க ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். கலியாண விருந்தில் வைக்கிற பண்டம், அதைத் தப்பாக எழுதியிருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

விசில் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆபத்து சம்பந்தப்பட்டது. இரண்டு லிட்டர் குக்கரில் நாலு விசில் சீக்கிரம் வந்துவிடும், ஐந்து லிட்டரில் அதே நாலுக்கு வெகு நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினாலும் குறைத்தாலும் கணக்கு மாறும். குக்கருக்குள் அழுத்தம் முழுசாக ஏறினால் தண்ணீரின் கொதிநிலை கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் வெந்தது என்பதுதான் கணக்கு. முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்று எழுதினால் எந்த வீட்டிலும் சரியாக வரும். ஒரு குறிப்பில் இரண்டு கப் அரிசி, ஒரு கப் பருப்பு, ஏழு கப் தண்ணீர், நாலு வகைக் காய். குக்கர் எத்தனை லிட்டர் என்ற பேச்சே இல்லை. எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று லிட்டர். போட்டு மூடினேன். வெயிட்டைத் தள்ளிக்கொண்டு பருப்புத் தண்ணீர் பீறிட்டு மேல் சுவர் வரை மஞ்சளாகத் தெறித்தது. அரிசி, பருப்பு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று குக்கரோடு வரும் தாளிலேயே இருக்கிறது. நான் பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். ஆவி போகிற துளையில் பருப்புத் தோல் அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெயருக்கு ஒரே பாத்திரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தேவையான பொருட்கள்" பட்டியலில் "வேகவைத்த பருப்பு 1 கப்", "வறுத்து அரைத்த மசாலா 3 ஸ்பூன்" என்று சாதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்காய் சாதம் ஒன்றுக்கு அன்று நான் கழுவியது குக்கர், வாணலி, மிக்ஸி ஜார், புளி ஊறவைத்த கிண்ணம், தாளிக்கிற கரண்டி. கை ஒடிந்தவர்களுக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கும், ஹாஸ்டல் அறையில் ஒற்றை அடுப்பு வைத்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதை எளிய சமையல் என்று விற்பது நியாயமில்லை.

அதில் ஒரு புத்தகத்துக்கு "செட்டிநாட்டு" என்ற பெயர் வேறு. கால் கிலோ அரிசிக்குக் கல்பாசி ஒரு கைப்பிடி, அன்னாசிப்பூ நாலு. கல்பாசியை ஒரு சிட்டிகை கிள்ளி எண்ணெயில் போட்டாலே வீடு முழுக்க மணக்கும். மசாலாவை அள்ளிக் கொட்டினால் செட்டிநாட்டுச் சமையல் ஆகிவிடாது. எங்கள் வீடுகளில் வெள்ளைப் பணியாரமும் இளங்குழம்பும் கும்மாயமும் அதே கைகளால்தான் ஆகின்றன. அதில் எங்கே இருக்கிறது இந்தக் காரம்?

மூன்றில் ஒரு புத்தகத்தை நன்றியோடு சொல்ல வேண்டும். சரியாக வந்த 12-ல் ஒன்பது அதிலிருந்துதான். கிராம் கணக்கு, அரிசியின் வகை, குக்கரின் லிட்டர் எல்லாம் இருந்தது. தக்காளி சாதத்தில், "மூடுவதற்கு முன் தட்டைக் கரண்டியால் அடியை ஒரு தடவை சுரண்டிவிடவும்" என்று ஒரு வரி. வதக்கிய தக்காளி அடியில் ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிய பிறகும் அது தீய்ந்துபோகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. "பிரஷர் தானாக அடங்கும் வரை திறக்க வேண்டாம், திறந்ததும் கிளற வேண்டாம், ஐந்து நிமிடம் விடவும்" என்றும் எழுதியிருந்தார்கள். சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பொலபொலவென்று வந்தது. என் மனைவி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உங்கள் கட்டுரையில் அந்தப் புத்தகத்துக்குப் படங்கள் சுமார் என்று எழுதி இரண்டு வரியோடு விட்டுவிட்டார்கள்.

இனிமேல் சமையல் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும்போது குறைந்தது மூன்று குறிப்புகளையாவது யாராவது வீட்டில் சமைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அதுவும் கைதேர்ந்தவர்களிடம் கொடுக்க வேண்டாம். அவர்கள் கை தன்னை அறியாமலே பிழையைச் சரிசெய்துவிடும். சமையல் தெரியாதவரிடம் கொடுங்கள். நீங்கள் வெளியிடும் சமையல் இணைப்பிலும் கப்புக்கு மில்லி, அரிசிக்கு வகை, குக்கருக்கு லிட்டர், மொத்தம் எத்தனை பாத்திரம் என்று போடுங்கள்.

என் மனைவிக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. ஆனால் வெங்கலப் பானையைத் தூக்க டாக்டர் இன்னும் விடவில்லை, அதனால் அடுப்படி என் பொறுப்பிலேயே இருக்கிறது. அடுத்த இணைப்பை அச்சுக்குப் போகும் முன் அனுப்பினால், ஒவ்வொன்றையும் சமைத்துப் பார்த்து, அளவும் நேரமும் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.