ஆட்களுக்குக் கூரை போடுங்கள், புல்லை வானத்தடியில் விடுங்கள்

அன்புள்ள அண்ணா,

ஸ்டேடியம் கமிட்டியில் உங்களையும் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துப் பழகிய ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும். அப்புறம்தான் நீங்கள் களத்தையும் சேர்த்து மூடுகிற டோம் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். போனில் பேசினால் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்போம், அதனால் எழுதிவிடுகிறேன். ஊர்ப் பணத்தில் கட்டப்போகிற விஷயம், மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. மழை வந்தால் ஆட்டம் நின்றுவிடும், வெயிலில் குழந்தைகளையும் வயசானவர்களையும் மூன்று மணி நேரம் உட்கார வைக்க முடியாது, மூடிய அரங்கம் என்றால் வருஷம் முழுக்கக் கச்சேரி, கண்காட்சி, மாநாடு என்று எதையாவது நடத்தலாம், பெரிய இறுதிப் போட்டிகளும் வரும். இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை.

என் சண்டை கேள்வியோடுதான். "திறந்தவெளியா, டோமா?" என்று இரண்டே இரண்டை முன்னால் வைத்தால், நனைய விருப்பமில்லாத எல்லோரும் டோம் என்றுதான் கை தூக்குவார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் கூரை வேண்டும், கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசை வரைக்கும் முழுசாக வேண்டும். ஆடுகளத்துக்கு வேண்டாம். இது புது யோசனையும் கிடையாது. கி.பி. 80-இல் திறக்கப்பட்ட ரோம் கொலோசியத்தில் கப்பல் பாய்த் துணியைக் கயிறு கட்டி இழுத்து உட்காருமிடங்களுக்கு நிழல் கொடுத்தார்கள். அந்த வேலைக்கு மாலுமிகளையே வைத்திருந்தார்கள். நடுவில் களத்துக்கு மேலே வானம் அப்படியே விட்டிருந்தது.

புல்லிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கமிட்டி அறிக்கைகளில் அதற்கு இடமே இருக்காது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965-இல் ஆஸ்ட்ரோடோம் என்ற மூடிய பேஸ்பால் அரங்கம் திறந்தபோது உள்ளே நிஜப் புல்தான் போட்டார்கள். வெளிச்சம் வரட்டும் என்று கூரை முழுக்கக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகள். பகல் ஆட்டத்தில் அந்தக் கண்கூச்சத்தில் மேலே போன பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. சரி என்று பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. மிச்ச சீசனைச் செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் பூசி ஓட்டிவிட்டு, 1966-இல் செயற்கைப் புல்லை விரித்தார்கள். இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாக ஆஸ்ட்ரோடர்ஃப் என்று சொல்கிற பெயர் அங்கேயிருந்து வந்ததுதான். ஒரு கூரையால் புல் போச்சு, புல் போனதால் ஆட்டமே மாறிப்போச்சு: பந்து குதிக்கிற விதம், வழுக்கி விழுந்தால் தோல் உரிகிற விதம், முழங்காலில் ஏறுகிற அடி, எல்லாமே.

அது அறுபது வருஷத்துக்கு முந்தின கதை என்பீர்கள். 2024 கோபா அமெரிக்கா கால்பந்துப் போட்டியின் முதல் ஆட்டம் அட்லாண்டாவில், மூடித் திறக்கும் கூரை உள்ள அரங்கத்தில் நடந்தது. செயற்கைப் புல்லுக்கு மேல், ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால்தான் நிஜப் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஜெயித்த அர்ஜென்டினாவின் பயிற்சியாளர் ஸ்கலோனியே களத்தின் தரத்தைப் பற்றி வெளிப்படையாகக் குறை சொன்னார். சிங்கப்பூரில் 2014-இல் திறந்த தேசிய அரங்கமும் அப்படித்தான், உலகத்தரமான கட்டிடம், ஆனால் முதல் சில மாதங்கள் புல் வேரூன்றவே இல்லை, மணல் தெரிந்தது.

நீங்கள் ஒரு தடவை ஆட்டம் இல்லாத நாளில் ஏதாவது பெரிய மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள், அண்ணா. சக்கரம் வைத்த நீளமான இரும்புச் சட்டங்களில் விளக்குகளைத் தொங்கவிட்டு, புல்லுக்கு ஓர் ஆள் உயரத்தில் நிறுத்தியிருப்பார்கள். கொஞ்ச நேரம் ஒரு பகுதிக்கு, அப்புறம் நகர்த்தி அடுத்த பகுதிக்கு, இப்படியே ராத்திரி பகலாக. உயரமான ஸ்டாண்டின் நிழல் விழுகிற இடத்துக்கே இவ்வளவு பாடு. மைதானத்தைப் பராமரிக்கிறவர் காலையில் வந்ததும் முதலில் பார்ப்பது அந்த நிழல் பக்கத்து மூலையைத்தான். குனிந்து விரலை மண்ணில் விட்டு ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார், ஒரு கொத்துப் புல்லைப் பிடித்து லேசாக இழுப்பார், கையோடு வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் கிடையாது. முழுக் கூரை போட்டால் மைதானம் மொத்தமுமே அந்த மூலைதான்.

திறந்து மூடுகிற கூரை போடலாமே என்று கமிட்டியில் யாராவது சொல்லியிருப்பார்கள். எல்லோரையும் சமாதானப்படுத்துகிற பதில் அது. பணம் இருந்தால் நல்ல பதிலும்கூட. விம்பிள்டன் சென்டர் கோர்ட்டில் 2009-இல் போட்டார்கள், பத்து நிமிஷத்துக்குள் மூடிவிடும். மூடியதும் ஆட ஆரம்பிக்க முடியாது, அது நிறைய பேருக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான பேரின் மூச்சும் புல்லின் ஈரமும் சேர்ந்து உள்ளே புழுங்கும், புல் வழுக்கும், அதனால் காற்றைச் சரிப்படுத்துகிற இயந்திரங்கள் வேலை செய்து முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கே இப்படி. டெக்சாஸ் ஆர்லிங்டனில் 2020-இல் திறந்து மூடுகிற கூரையோடு பேஸ்பால் அரங்கம் கட்டினார்கள், அதிலும் கடைசியில் செயற்கைப் புல்தான்.

அந்த ஆர்லிங்டனை நான் மறைக்கப்போவதில்லை, அது உங்கள் கட்சிக்குச் சாதகமான உதாரணம். அங்கே 1994-இல் திறந்த அழகான திறந்தவெளி மைதானம் இருந்தது, கோடை வெயில் தாங்காமல் இருபத்தாறே வருஷத்தில் அதை விட்டுவிட்டு எதிரிலேயே இன்னொன்று கட்டினார்கள். கொதிக்கிற ஊரில், பெரும்பாலும் கோடையில் ஆடுகிற விளையாட்டுக்கு, நிழலே யோசிக்காமல் மைதானம் கட்டினால் அதுதான் நடக்கும். நியூசிலாந்தின் டனீடினும் உங்கள் பக்கம்தான்: 2011-இல் திறந்த அரங்கம், நிரந்தரக் கூரை, ஒளி ஊடுருவும் மெல்லிய படலத்தால் ஆனது, கீழே நிஜப் புல் வளர்கிறது. முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் நாளிலிருந்தே புல்லை மனதில் வைத்துக் கட்டினார்கள். உங்கள் கமிட்டிக்கு வந்திருக்கிற வரைபடத்தில் கூரையின் தெற்கு, வடக்கு பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா?

இனி பணம். கூரை என்றால் கட்டும் செலவை மட்டும்தான் எல்லோரும் பேசுவார்கள், அது பெற்றுப் போடுகிற செலவுகளை யாரும் பேச மாட்டார்கள். சியாட்டிலில் கிங்டோம் என்று ஒரு கான்கிரீட் டோம் 1976-இல் திறந்தது. 1994-இல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் மேலேயிருந்து ஓடுகள் பெயர்ந்து இருக்கைகளில் விழுந்தன. பழுது பார்க்கும்போது இரண்டு தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். 2000-இல் வெடி வைத்து மொத்தக் கட்டிடத்தையும் தகர்த்தார்கள். ஆனால் அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் அடைந்தது. இல்லாத கட்டிடத்துக்குப் பதினைந்து வருஷம் ஊர் பணம் கட்டியிருக்கிறது!

அதே சியாட்டில் அதற்குப் பிறகு என்ன செய்தது என்பதுதான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது. பேஸ்பாலுக்கு 1999-இல் ஒரு அரங்கம்: மேலே நகர்கிற கூரை உண்டு, ஆனால் பக்கங்கள் திறந்தே இருக்கும், மழையை மட்டும் மறிக்கும், காற்றை அடைக்காது. ஃபுட்பாலுக்கு (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) 2002-இல் இன்னொன்று: களம் திறந்தவெளி, இருக்கைகளில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேலே கூரை. மழைக்குப் பேர் போன ஊர் அது. டோமோடு கால் நூற்றாண்டு வாழ்ந்து பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தார்கள். நான் கேட்பது கிட்டத்தட்ட அந்த இரண்டாவது மைதானத்தைத்தான், அந்த 70-ஐ 100 ஆக்கிக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

மாண்ட்ரியால் கதை இன்னும் நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1976 ஒலிம்பிக்ஸுக்குக் கட்டிய மைதானத்துக்குக் கூரை வந்ததே 1987-இல்தான், அது கிழிந்து கிழிந்து, 1998-இல் வேறு கூரை மாற்றினார்கள், அடுத்த வருஷமே ஜனவரியில் பனி தாங்காமல் அதுவும் கிழிந்தது. 2024-இல் மூன்றாவது கூரைக்கு 87 கோடி கனடிய டாலர் ஒதுக்குவதாக கியூபெக் அரசு அறிவித்தது. புளோரிடாவில் அதே 2024 அக்டோபரில் மில்டன் சூறாவளி டிராபிகானா ஃபீல்டு என்ற பேஸ்பால் அரங்கத்தின் துணிக் கூரையைக் கிழித்துப் போட்டது, அங்கே ஆடிவந்த அணி அடுத்த சீசனை வேறு ஒரு சின்னத் திறந்தவெளி மைதானத்தில் ஆடியது. கூரைதான் அரங்கத்தின் உயிர் என்று ஆகிவிட்டால் கூரைக்கு ஒன்று ஆனால் அரங்கமே படுத்துவிடும். இருக்கைக்கு மேல் மட்டும் இருக்கிற கூரையில் பத்துத் தகடு பறந்தால் அந்தப் பகுதி டிக்கெட்டை நிறுத்திவிட்டு ஆட்டத்தை நடத்தலாம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது மினியாபொலிஸ். 1982-இல் அங்கே திறந்த மெட்ரோடோமின் கூரை துணி. உள்ளே காற்றை ஊதி அந்த அழுத்தத்தில் நிற்க வைத்தது. காற்று போய்விடக் கூடாது என்று சுழலும் கதவுகள். சாதாரணக் கதவைத் திறந்தால் உள்ளேயிருக்கும் காற்று ஆளையே வெளியே தள்ளிவிடும். 2010 டிசம்பர் 12-ஆம் தேதி பனியின் எடை தாங்காமல் அது கிழிந்து, உள்ளே பனி கொட்டியது. அடுத்து அந்த ஊரில் நடக்கவேண்டிய ஆட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மைதானத்தில், பனியை வாரிக் கொட்டிவிட்டு ஆடினார்கள். அதே 2010-இல்தான் பேஸ்பால் அணி டோமை விட்டு வெளியேறி, புதிய திறந்தவெளி மைதானத்துக்குப் போயிருந்தது. ஃபுட்பாலோ 2016-இல் பழைய டோம் இருந்த இடத்திலேயே, இன்னொரு மூடிய அரங்கத்துக்குப் போனது, கூரையில் பெரும்பகுதி ஒளி புகும் படலம். ஒரே ஊர், ஒரே குளிர், இரண்டு விளையாட்டு, இரண்டு பதில். பேஸ்பால் வசந்தத்திலும் கோடையிலும் சொந்த ஊரில் 81 ஆட்டம், ஃபுட்பால் குளிர்காலத்துக்குள் நீள்கிற சுமார் பத்து ஆட்டம். எந்த விளையாட்டு, எந்த மாசம், எந்த நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் அங்கே முடிவெடுத்தார்கள். உங்கள் கமிட்டியில் அந்த மாசக் கணக்கை யாராவது போட்டார்களா, அண்ணா? வருஷத்தில் எத்தனை ஆட்டம் மழையால் முழுசாக நின்றுபோகிறது, எத்தனை அரை மணி தாமதத்தோடு நடந்துவிடுகிறது? இரண்டும் வேறு. அரை மணி தாமதத்துக்கு நல்ல வடிகால் போதும், தார்ப்பாயை மைதானம் முழுக்க இழுத்துப் போட ஆட்கள் போதும்.

கிரிக்கெட் ஆடுவதாக இருந்தால் இன்னும் தெளிவு. மெல்பர்னின் டாக்லேண்ட்ஸ் அரங்கத்தில் கூரையை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள், 2023 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் இரண்டு பேட்ஸ்மேன்கள் அடித்த பந்து கூரையில் பட்டுக் கீழே விழுந்து, இரண்டுக்கும் சிக்ஸர் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் கட்ட நினைக்கிற அரங்கத்துக்கு ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் கூரை கட்டாயம் என்கிறது, கிரிக்கெட் அமைப்புகளோ அந்தக் கூரையின் நிழல் பிட்ச் மேல் விழுந்தால் டெஸ்ட் ஆட முடியாது என்று 2025-இல் எழுதிக் கொடுத்தன. வேகப்பந்து போடுகிற ஒருவரின் கையிலிருந்து கிளம்பும் பந்து பாதித் தூரம் வெயிலிலும் பாதித் தூரம் நிழலிலும் வந்தால் எதிரில் நிற்கிறவர் என்ன செய்வார்?

அப்புறம் அந்த வருஷம் முழுக்க நிகழ்ச்சி என்கிற வாதம். ஸ்டேடியம் ஊரை வளர்க்கும் என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்து, போட்ட பொதுப் பணத்துக்கு ஈடாக வரவில்லை என்றே பெரும்பாலும் சொல்லியிருக்கிறார்கள். மாநாட்டுக்கும் கண்காட்சிக்கும் ஐம்பதாயிரம் இருக்கை தேவையில்லை, சமதளமான ஒரு கூடம் போதும், அது எத்தனையோ மடங்கு மலிவு. பெரிய இறுதிப் போட்டி ஒரு தடவை வரும், அதன் பிறகு பல வருஷம் வேறு ஊர்களைச் சுற்றும். ஏசியும் பகல் விளக்கும் மட்டும் தினமும் ஓடும்.

நான் சொல்கிற கூரை சும்மா பெயருக்குப் போடுகிற கூரை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழை நேராக விழுவதில்லை, சாய்ந்துதான் அடிக்கும், அதனால் முதல் வரிசைக்கு மேலேயே கூரை முடிந்துவிட்டால் முன் பத்து வரிசையும் நனையும், களத்தின் பக்கம் நன்றாக நீண்டு வரவேண்டும். அப்படி நீளும் விளிம்பை ஒளி புகும் பொருளில் செய்தால் புல்லுக்கு நிழல் குறையும். நாலு மூலையையும் சுவர் போட்டு அடைக்காமல் விட்டால் காற்று உள்ளே புகுந்து போகும், புழுக்கம் தெரியாது, புல்லும் காயும். மேற்கு வெயில் முகத்தில் அடிக்காமல் பெரிய ஸ்டாண்ட் மேற்கில் வரவேண்டும். இதெல்லாம் வரைபடத்தில் ஆரம்பத்திலேயே செய்தால் செலவு பெரிதாக ஏறாது, கட்டியபின் செய்யவே முடியாது.

அடுத்த கூட்டத்தில் இரண்டு வரைபடத்தை மட்டும் வைத்து ஓட்டுக்கு விட்டால், மூன்றாவது ஒன்று வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்: இருக்கை எல்லாவற்றுக்கும் கூரை, களம் திறந்தவெளி. மூன்றுக்கும் கட்டும் செலவோடு முப்பது வருஷக் கூரைப் பராமரிப்பு, மின்சாரம், புல் மாற்றும் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள். களத்தில் டிசம்பரிலும் ஜூனிலும் மணிக்கு மணி எங்கே வெயில், எங்கே நிழல் என்கிற கணக்கும் கூடவே வேண்டும், எந்தக் கட்டிடக் கலைஞரிடமும் அதற்கான மென்பொருள் இருக்கும், முடியாது என்றால் நம்பாதீர்கள். தாள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிட்டு அதன் பிறகும் டோம்தான் சரி என்று உங்களுக்குப் பட்டால், அப்போது நாம் மறுபடியும் சண்டை போடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி