மெஷின் இறங்குவதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

கடைக்கு வாங்கலாமா என்று நேற்று நீ போனில் சொன்ன இரண்டு பிரின்டிங் மெஷின்களையும் பற்றி ராத்திரி முழுக்க யோசித்தேன். பேச்சில் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

பத்தடி ஃபிளக்ஸ் மெஷின் உனக்கு வேண்டாம். அதை ஓட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், மறக்கவில்லை. ஆனால் 2019 செப்டம்பரில் சென்னையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன பெண் லாரியில் அடிபட்டு இறந்துபோனாள். 23 வயது. அன்றோடு ரோட்டில் கட்டுகிற பேனருக்கு நான் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். உனக்கு வருவதெல்லாம் கிளினிக் போர்டு, கடைக் கண்ணாடி ஸ்டிக்கர், வினைல் வேலை. அதற்கு ஐந்தடி, ஆறடி இகோ சால்வென்ட் மெஷின், அதாவது காரம் குறைந்த சால்வென்ட் மையில் அடிப்பது, தாராளம்.

விலை கேட்பதற்கு முன் உள்ளே மை தெளிக்கும் ஹெட் எது என்று கேள். நீ சொன்ன மலிவு மெஷினில் இருப்பது எக்ஸ்பி600. வீட்டில் வைக்கும் சின்ன எப்சன் பிரின்டருக்காக, தண்ணீர் மைக்காகச் செய்த ஹெட் அது. சால்வென்ட் மையில் நன்றாகவே அடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஐ3200 ஹெட்டில் இகோ சால்வென்ட் மைக்கென்றே ஒரு வகை உண்டு, மை வரும் துளை, அதாவது நாசில், 3200. விலை கூடத்தான். நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஹெட்டுக்குப் பெரும்பாலும் வாரன்டி தர மாட்டார்கள், தருவதாகச் சொன்னால் அதை எழுத்தில் கேட்டு வாங்கு.

டெமோவுக்கு அவர்கள் காட்டும் பூப்படத்தைப் பார்த்து மயங்காதே. உன் ஃபைலை, உன் வினைல் ரோலை எடுத்துக்கொண்டு போ. வெளிர் சாம்பலில் ஒரு பெரிய பட்டை, பக்கத்தில் பொடி எழுத்தில் நாலு வரி தமிழ். கோடு விழுந்தால் சாம்பலில் தெரிந்துவிடும், துளி சிதறினால் எழுத்தின் சுழி அடைபடும். அப்புறம் அதே மெஷினை இரண்டு வருஷமாக ஓட்டுகிற கடை ஒன்றைத் தேடிப் போய், சர்வீஸுக்குக் கூப்பிட்டால் எத்தனை நாளில் ஆள் வருகிறது என்று கேள்.

ஆயுத பூஜைக்கு மெஷினைத் தொடக்கூடாது என்று பாட்டி சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருஷம் அதைக் கேட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, மெயினை அணைத்து, நாலு நாள் கடையை மூடினேன். திறந்தபோது மெஜந்தா மை ஒரு சொட்டு வரவில்லை. பதற்றத்தில் கடையில் விற்கும் பெயின்ட் தின்னரை ஊற்றினேன். ஹெட் முழுசாகப் போயிற்று. உன் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது அந்த மாதம்தான்.

அதனால் லீவு நாளானாலும் காலையில் எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று ஒரு நாசில் டெஸ்ட் அடித்துவிடு, பூஜை பிறகு. ராத்திரி மூடும்போது ஹெட்டை மூடும் கேப்பிங் ரப்பரையும் அதைத் துடைக்கும் வைப்பரையும் அந்த மைக்குரிய கிளீனிங் திரவத்தில் நனைத்த, நூல் பிரியாத குச்சியால் துடை. கேப்பில் சில சொட்டு திரவம் விட்டு ஹெட்டை அதன் மேல் நிறுத்து. பத்து நிமிஷம் ஆகும். நாசில் முகத்தில் துணி படவே கூடாது. ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளில் ஈரம் இருந்தால் கரன்ட் கொடுக்காதே, போர்டே போய்விடும். இந்த வேலையைப் பையன்களிடம் விடாமல் முதல் ஆறு மாதம் நீயே செய்.

சால்வென்ட் மையின் வாடை உடம்புக்கு ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல் ஒரு நாள்கூட ஓட்டாதே அம்மாடி.

எர்த் விஷயம் எழுத்தில் சரிவராது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தையும் வயரிங்கையும் சரிபார்க்க வேண்டும். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் மீட்டரோடு கோயம்புத்தூர் வருகிறேன். நான் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அப்பா