லாகின் பதிவுகள் பராமரிப்பு: ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

வரும் ஞாயிறு இரவு 10 மணி முதல் திங்கள் காலை 5 மணி வரை நம் குடியிருப்புச் செயலி இயங்காது.

1. வீடு காலி செய்து திருப்பூர், ஈரோடு என்று போனவர்களின் கணக்குகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. பழைய சாவியைத் திருப்பி வாங்காமல் விட்டது போலத்தான் இது. அவற்றை மூடி, பழைய பதிவுகளைத் தனியே எடுத்து வைக்கிறோம்.

2. சனிக்கிழமைக்குள் உங்கள் செல் நம்பரைச் சரிபாருங்கள். ரசீது வேண்டுமென்றால் அதற்குள் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

3. பாஸ்வேர்டு, ஓடிபி எதையும் நாங்கள் கேட்கவே மாட்டோம். யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வீட்டிலுள்ள அப்புச்சி, அம்மிச்சிக்கும் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

4. அன்றிரவு விருந்தாளிகள் வந்தால் வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொள்வார்.

படித்தவர்கள் வெள்ளிக்குள் வீட்டு எண்ணோடு ‘சரி’ என்று பதில் போடுங்கள்.