அந்த ஜெனரேட்டரை நகர்த்துங்கள்

எங்கள் கல்லூரி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். செவித்திறன் சோதனை அறையின் சுவரையொட்டி ஓடும் ஜெனரேட்டரின் இரைச்சலைப் பற்றி மாணவர்கள் கொடுத்த மனுக்கள் எல்லாம் உங்கள் மேஜையில்தான் இருக்கின்றன. எனவே பழைய கதையை மறுபடி ஓதவில்லை. போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குமாரபாளையத்தில் காலமெல்லாம் விசைத்தறி ஓட்டிய பெரியவர் ஒருவர் சோதனைக்கு வந்தார். தறிச் சத்தம் காதைக் கெடுக்கும் விதம் எங்கள் பாடத்திலேயே உண்டு. 4000 ஹெர்ட்ஸ் என்னும் கீச்சொலி அருகேதான் முதலில் அடி விழும். 250, 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகள் பெரும்பாலும் தப்பிவிடும். இவருடைய ஆடியோகிராமோ, அதாவது எந்த ஒலி எவ்வளவு உரக்க வைத்தால் கேட்கிறது என்று காட்டும் வரைபடமோ, எல்லா ஒலியும் ஒன்றுபோல் போய்விட்டதாகக் காட்டியது. 500 ஹெர்ட்ஸ் ஒலியை 45 டெசிபல் அளவுக்கு உரக்க வைத்த பிறகுதான் கேட்கிறதென்று கையை உயர்த்தினார். சற்று நேரத்தில் மின்சாரம் வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் நின்றது. அதே காது, அதே ஒலி. 20 டெசிபலிலேயே கை உயர்ந்தது. இடையில் இருந்த 25 டெசிபல் குறை அவர் காதுடையது அல்ல, நம் அறையுடையது.

முதல் அளவை நம்பிக் காது கேட்கும் கருவியை அமைத்திருந்தால், தேவையே இல்லாத தாழ்ந்த சுருதி ஒலிகளை அது கூட்டிக் கொடுத்திருக்கும். மின்விசிறியும் பஸ்ஸும் மண்டையைக் குடையும். அந்த இரைச்சலில் பேத்தி பேசுவது அமுங்கிப்போகும். சொந்தக் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். நாலே நாளில் கருவி பீரோவுக்குள் போய்விடும். பழி எங்கள் தலையில் விழும்.

ஜெனரேட்டரை அந்தச் சுவரை விட்டு நகர்த்துங்கள். சத்தம் உள்ளே வராமல் அடைக்க வேண்டிய ரப்பர் கதவோரம் பிய்ந்து தொங்குகிறது, அதை மாற்றுங்கள்.

சேர்க்கை விளம்பரத்தில் அந்த அறை அழகாகவே இருக்கிறது. படத்தில் சத்தம் கேட்காது என்பது உங்களுக்கு வசதி. கலையரங்கில் விழா என்றால் குத்துவிளக்கு முதல் நன்றியுரை வரை ஜெனரேட்டர் ஓடும். காது கேளாமல் வந்தவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருப்பார்கள். நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெறாதவர் செவித்திறன் சோதிக்கும் இத்தொழிலைச் செய்வது குற்றம். ஆனாலும் சோதனையே செய்யாமல் கருவியைக் கையில் கொடுத்து அனுப்பும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. நான்காண்டு படித்து வெளியே போகும் நாங்கள் அவர்களிடமிருந்து வேறுபடுவது சரியான ஆடியோகிராமால்தான். அதையும் டீசல் புகையோடு சேர்த்து விட்டுவிட்டால் எப்படி?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். ஜெனரேட்டரை நகர்த்த மேடை கட்டிக் கேபிள் இழுக்க நாளாகும் என்பது புரிகிறது. அதுவரை, வெளிநோயாளிகள் வரும் காலை நேரத்தில் மட்டுமாவது அதை ஓட்டாமலிருக்க உத்தரவிடுங்கள். காதைச் சோதிக்கும் ஆடியோமீட்டருக்கு ஒரு யு.பி.எஸ். போதும். ரப்பருக்கு எந்த டெண்டரும் வேண்டாம், இந்த வாரமே மாற்றலாம். ஜெனரேட்டரை நகர்த்திய பிறகு, அறைக்குள் எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று முறையாக அளந்து, அந்த அளவைக் கதவில் ஒட்டச் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செவித்திறன், பேச்சு நோயியல் பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு மாணவி