கஸ்தூரியார் வீதியில் ஒரு கல் வையுங்கள்

யாழ்ப்பாண மாநகர முதல்வர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களை நாங்கள் நல்லூருக்குக் கூட்டிப்போகிறோம், கோட்டையைக் காட்டுகிறோம், நூலகத்தின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறோம். இடையில் கடந்துபோகும் வீதிகளில் யார் இருந்து உழைத்தார்கள் என்று ஒரு சொல்லும் சொல்வதில்லை. அந்த இடங்களில் சிலவற்றையாவது சபை அடையாளப்படுத்த வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் கஸ்தூரியார் வீதி. நகைக்கடைகள் நிறைந்த இந்த வீதியில்தான் ஜோசப் சலூன் இருந்தது. அங்கே முடி திருத்தியவர் டொமினிக் ஜீவா. 1927இல் பிறந்தவர், வகுப்பில் சாதி சொல்லி அவமதிக்கப்பட்டு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருடைய முதல் சிறுகதைத் தொகுதி 1960இல் வந்தது. அதற்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார். பணக்காரரோ பெரிய நிறுவனமோ பின்னால் இல்லை. அச்சான இதழ்களைத் தானே சுமந்துபோய், ஆள் ஆளாகச் சந்தித்து விற்றார். முடி வெட்ட வந்தவர்களும் எழுத்தாளர்களும் அந்தச் சலூனில் ஒன்றாக இருந்து கதைத்தார்கள். ஈழத்து எழுத்தாளர்களின் முகங்களை அட்டையில் போட்டு மரியாதை செய்தது மல்லிகை. சிங்களக் கதைகளையும் தமிழில் தந்தது. போர் அவரைக் கொழும்புக்கு இடம்பெயர்த்த பிறகும் இதழ் நிற்கவில்லை. 400 இதழ்களைத் தாண்டியது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தார்.

இந்த வரலாறு நடந்த இடத்தில் ஒரு கல் வேண்டும். அதில் 'எழுத்தாளர்', 'இதழாசிரியர்' என்று மட்டும் பொறித்து முடித்துவிடாதீர்கள். இங்கே சலூன் இருந்தது, அவர் சவரக்கத்தி பிடித்தவர், சாதியால் படிப்பை இழந்தவர் என்பதும் அந்தக் கல்லில் இருக்க வேண்டும். ஊருக்குச் சங்கடமான பகுதியை வெட்டிவிட்டுப் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டால், அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இன்னொன்றையும் பணிவோடு கேட்கிறேன்: திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று பெயர்களை அடுக்க அந்தக் கல்லில் இடம் விட வேண்டாம்.

அடுத்தது ஆஸ்பத்திரி வீதி. நூலகம் எரிந்த கதை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அது எப்படிப் பிறந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நீதிமன்றத்தில் வேலை பார்த்த க. மு. செல்லப்பா 1933இல் தன் வீட்டிலேயே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஊரார் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அப்போது கையில் இருந்தவை 844 நூல்கள். 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000. எரியக் கண்ட அதிர்ச்சியிலேயே தாவீது அடிகள் உயிர்விட்டார். பல மொழிகள் கற்ற தமிழறிஞர் அவர். நூலகம் உங்கள் சபையின் பொறுப்பில் இருக்கிறது. ஆகையால் அந்த வாடகை அறை இருந்த இடத்தைத் தேடிக் குறிப்பது வேறு யாருடைய கடமையும் அல்ல.

நூலகத்துக்குப் பக்கத்திலேயே யாழ். மத்திய கல்லூரி. அங்கே படித்த எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வண்ணார்பண்ணையில் மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் 'தமிழ்மகள்' என்ற இதழை நடத்தினார். ஒரு பெண் பத்திரிகை நடத்தத் துணிந்த காலத்தைக் கவனியுங்கள். அவரைப் பற்றி விரிவாகச் சொல்லக்கூடியவர்களை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமியைப் போன்றவர்கள் உங்கள் எல்லைக்கு வெளியே வருகிறார்கள். அதை அந்தந்தச் சபைகளிடம் கேட்க வேண்டும்.

கல் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. அவசரமானது வேறு ஒன்று. அந்தச் சலூனில் முடி வெட்டியவர்கள், மல்லிகைக்கு எழுதியவர்கள், பழைய நூலகத்தில் வாசித்தவர்கள் இன்னும் எங்கள் நடுவே இருக்கிறார்கள். வயது போய்க்கொண்டிருக்கிறது. நூலகத்தில் ஓர் அறையும் ஒலிப்பதிவுக் கருவியும், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த இளம் ஆட்கள் இரண்டு பேரும் போதும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எந்தக் கட்சி முன்மொழிந்தாலும் மற்றவர்கள் எதிர்க்கக் காரணம் இருக்காது.

வேலையைக் கஸ்தூரியார் வீதியிலிருந்து தொடங்கலாம். சலூன் இருந்த இடத்தை நேரில் காட்டக்கூடிய பெரியவர்களைத் தேடி அழைத்துவர நானும் கூட நிற்பேன். சபை ஒரு நாளைக் குறித்துச் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
வண்ணார்பண்ணை வாசி ஒருவர்